ஆடி மாதத்துப் பீட்சா டோஸ்ட்

ஆனி 28, சனி

இன்று மாலை என் கேஸ் அடுப்பைக் கடையிலிருந்து தூக்கவைத்துவிட்டார்கள். சிலிண்டர் இரண்டு, பெரிய வாணலி, மிச்ச எண்ணெய் டின்கள், எல்லாம் இப்போது என் வீட்டு முன்னறையில் கிடக்கின்றன.

போன வாரம் பெருந்துறை ரோட்டில் வேறொரு கட்டடத்தில் சிலிண்டர் பற்றிக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எல்லாக் கட்டடங்களுக்கும் ஆய்வு வந்தது. என் கடை படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. மேலே மூன்று மாடியிலும் நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையம், நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். கீழே நெருப்பு இருக்கக்கூடாது என்று வந்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான். நியாயத்தை நியாயம் என்று சொல்வதில் எனக்கு நஷ்டமில்லை.

அநியாயம் அதற்குப் பிறகு வந்தது. கட்டடக்காரர் நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏனம்மிணி, நெருப்பில்லாம நீ இங்க என்ன பண்ணப்போறே? ஆனி முடியறதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துரு. கேக் கடை வெக்கறதுக்கு ஒரு பையன் கேட்டுட்டிருக்கான். கண்ணாடி, ஏசி எல்லாம் போடுவான்."

"வாணலி இன்னும் ஆறலைங்ணா. அதுக்குள்ள ஆள் பாத்துட்டீங்களா?"

"வந்த ஆளை விடமுடியுமா?"

முடியாதுதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். அதற்காக நான் போய்விட வேண்டும் என்று ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டில் கூடை முறுக்கு விற்று, அப்புறம் தள்ளுவண்டி, அப்புறம் இந்த எட்டடிக் கடை. யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. பதிமூன்று வருடமாக அந்தப் படிக்கட்டுக்கடியில் பஜ்ஜி போடுகிறேன். ஐந்து மணி இடைவேளைக்கு இறங்கிவரும் பிள்ளைகள்தான் என் வியாபாரம். அந்தப் படிக்கட்டை விட்டு நாலு கடை தள்ளிப் போனாலும் வியாபாரம் செத்தது.

இரவு இருமல். முன்னறையில் டின்களை நகர்த்திய தூசி.

ஆனி 29, ஞாயிறு

சம்சாத் வந்தாள். ஒன்பது வருடமாக என்னோடு நிற்பவள். வெங்காயம் நறுக்குவதில் அவளுக்கு ஈடில்லை, வாய் அடிப்பதிலும்.

"அக்கா, அந்தக் கேக் கடைக்காரரு நேத்தே வந்து செவத்தத் தட்டிப் பாத்துட்டுப் போனாராம். ஷட்டருக்கு ரோஸ் கலர் அடிப்பாங்களாம்."

"அடிக்கட்டும். எப்ப வர்றாங்களாம்?"

"அதத்தான் சொல்லமாட்டேங்கறாங்க."

ஏன் சொல்லமாட்டார்கள் என்று காலண்டரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் எவன் புதுக் கடைக்குப் பால் காய்ச்சுவான்? ஆவணி வரை அந்தப் பையன் வரமாட்டான். என்னை மட்டும் ஆனியிலேயே கிளம்பச் சொல்கிறார்கள்.

கோழிக் குழம்பு வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆனி 30, திங்கள்

நாச்சிமுத்து வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மோர் கொடுத்தார். குடித்து முடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தேன்.

"அண்ணா, கடையக் காலி பண்ணீர்றேன். ஆனா ஆடி முச்சூடும் வாசப்படிக் கடைய இருட்டாப் பூட்டி வெப்பீங்களா? அந்த மாசத்துல மொகப்புக் கடை மூடிக் கெடந்தா உங்களுக்கு நல்லதுங்களா?"

அவர் மனைவிதான் பதில் சொன்னார். "அதென்னமோ வாஸ்தவந்தானுங்க. வௌக்குப் போடாம வெக்கக்கூடாது."

"ஆடி முடியற வரைக்கும் நானே வௌக்குப் போடறேன். வாடகையும் குடுக்கறேன்."

"நெருப்பு கூடாதே அம்மிணி."

"நெருப்பு இல்லை."

"பின்ன என்ன விப்பே?"

"அது என் பாடுங்ணா."

ஆடி கடைசி நாள் வரை என்று ஒத்துக்கொண்டார். வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான் எனக்கே உறைத்தது, என்ன விற்பேன் என்று எனக்கும் தெரியாது.

ஆனி 31, செவ்வாய்

போன தீபாவளிக்கு எண்ணெய் மண்டிக்காரர் ஒரு பெரிய பெட்டி கொடுத்தார். அந்த வருடம் அதிக டின் எடுத்த கடைக்குப் பரிசு. உள்ளே ஏர் பிரையர். எண்ணெயே வேண்டாத அடுப்பை எண்ணெய் விற்கிறவர் பரிசாகக் கொடுத்தார் என்று அன்று சிரித்துவிட்டுப் பீரோ மேலே ஏற்றிவிட்டேன். இன்று இறக்கினேன். அதன் மேலே, தை மாதம் என் இருமலுக்காகச் சம்சாத் என்னை இழுத்துக்கொண்டு போய் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே கவர் இருந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

முதலில் பஜ்ஜிதான் போட்டுப் பார்த்தேன். கை பழகியது அதற்குத்தானே. வாழைக்காயை மாவில் முக்கிக் கூடையில் வைத்து மூடினேன். மாவு ஓட்டை வழியாக ஒழுகி அடியில் தோசை மாதிரிக் காய்ந்தது. மேலே இருந்த வாழைக்காய் செருப்புத் தோல்.

சம்சாத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அக்கா, இதுக்குப் பேரு பஜ்ஜி இல்ல. இது வாழக்காய்க்குக் குடுத்த தண்டனை."

"சிரிச்சது போதும். வேற என்ன வரும் இதுல, சொல்லு."

"எங்கூட்டுல என் தம்பி சம்சாரம் பிள்ளைங்களுக்குப் பீட்சா டோஸ்ட் பண்ணித் தருது. பிரெட்டு, சாஸு, சீஸு. அஞ்சு நிமிசம்."

அஞ்சு நிமிடம் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. இடைவேளை இருபது நிமிடம்.

ஆனி 32, புதன்

காலையிலிருந்து மூன்று பாக்கெட் பிரெட் காலி.

முதல் தடவை சீஸை ஏடாக மேலே வைத்தேன். உள்ளே காற்றாடி சுற்றுகிறது என்பது யாருக்குத் தெரியும்? ஏடு பறந்து மேல் கம்பியில் ஒட்டிக்கொண்டது. வீடெல்லாம் தீய்ந்த வாடை. இரண்டாம் தடவை பிரெட்டே எழும்பிக் கவிழ்ந்தது. மூன்றாம் தடவை காய் தண்ணீர் விட்டுப் பிரெட் சொதசொதவென்று ஆகிவிட்டது.

மத்தியானத்துக்குள் பிடிபட்டுவிட்டது. வெறும் பிரெட்டை முதலில் இரண்டு நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். மொறுமொறுப்பான பக்கத்தில் சாஸ் தடவ வேண்டும், அப்போதுதான் ஊறாது. வெங்காயத்தையும் குடைமிளகாயையும் பொடியாக நறுக்கி, உப்புப் போட்டு, துணியில் பிழிந்துவிட வேண்டும். துருவிய சீஸைச் சாஸில் அழுத்தி வைத்து, அதற்கு மேலே சோளத்தைப் பரப்பினால் பாரத்துக்கு அடங்கிக் கிடக்கும். நாலு துண்டையும் தோளோடு தோள் நெருக்கி வைத்தால் ஒன்றும் எழும்பாது. நூற்றெண்பது டிகிரியில் நாலு நிமிடம்.

கடைச் சாஸ் வெறும் இனிப்பு. தக்காளியோடு பூண்டும் வரமிளகாயும் அரைத்து வேகவைத்துச் சேர்த்தேன். சம்சாத் இரண்டு துண்டு தின்றுவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் சரக்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆடி 1, வியாழன்

திறந்தேன்.

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அக்கா, ஆடி ஒண்ணாந்தேதி புது யாவாரமா? கேக்கவே ஒரு மாதிரி இருக்குதுங்களே."

"ஆடி மாசம் உங்க கடையில மிஷின் ஓடுதுங்களா?"

"ஓடுது."

"இதுவும் மிஷினுதான்."

சட்டைப்பையில் கையை விட்டுப் பணத்தை எடுக்கும்வரை நான் அவரை விடவில்லை. போணி அவரிடம்தான். ஆடியில் தொடங்கக்கூடாது என்று சொன்னவர் கையாலேயே தொடங்கினேன்.

ஐந்து மணிக்குப் பிள்ளைகள் இறங்கி வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள். "ஆண்ட்டி, பஜ்ஜி வாசமே வரலை?" பாதிப் பேர் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்து டீக்கடைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேரில் நிவேதா என்ற பெண் மட்டும் தைரியமாக ஒன்று வாங்கினாள். "ஆண்ட்டி, ஆடித் தள்ளுபடி உண்டா?"

"உண்டு கண்ணு. வெங்காயத்தத் தள்ளிட்டுத் தரேன்."

ஆடி 2, வெள்ளி

பிரெட் மீதி. நானும் சம்சாத்தும் தின்றோம்.

ஆடி 5, திங்கள்

நிவேதா தன் வகுப்பையே கூட்டி வந்துவிட்டாள். ஆனால் வரிசை நின்றும் பிரயோசனமில்லை. கூடைக்கு நாலு துண்டுதான். மணி அடித்தபோது பத்துப் பேர் வெறுங்கையோடு மேலே ஏறினார்கள். ஏறும்போது ஒரு பையன் சொன்னான், "பஜ்ஜியா இருந்திருந்தா இந்நேரம் சாப்பிட்டு ஏப்பமே விட்டிருப்போம்." சுருக்கென்றது.

சரக்கு நன்றாக இருந்து கைக்கு வராவிட்டால் அது சரக்கே இல்லை. தவணையில் இன்னும் இரண்டு ஏர் பிரையர் எடுத்தேன். பிரெட்டை நாலரை மணிக்கே வாட்டி, சாஸ் சீஸ் எல்லாம் வைத்துத் தட்டுத் தட்டாக அடுக்கிவிட வேண்டும். மணி அடித்ததும் உள்ளே தள்ள வேண்டியதுதான்.

எண்ணெய் மண்டிக்காரர் போன் செய்தார், டின் எப்போது அனுப்ப என்று. உங்கள் பரிசுதான் வேலை செய்கிறது, டின் வேண்டாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஆடி 8, வியாழன்

மூன்றையும் ஒன்றாகப் போட்டேன். நாலு நிமிடம்கூட ஓடவில்லை. டப் என்று ஒரு சத்தம், கடை இருட்டு. கூடவே மேல் மாடியிலிருந்து நூறு பேர் ஒன்றாக "ஓ" என்று கத்தினார்கள்.

என் கடைக்குத் தனி மீட்டர் கிடையாது. முதல் மாடிப் பலகையிலிருந்து நாச்சிமுத்து ஒரு ஒயர் இழுத்து விட்டிருக்கிறார். அது எனக்கும் தெரியும். பஜ்ஜிக்கு ஒரு பல்பு போதும் என்பதால் இத்தனை வருடமும் மறந்திருந்தேன்.

பயிற்சி மையத்து மேலாளர் லோகநாதன் படியில் இரண்டிரண்டாக இறங்கி வந்தார். நல்ல மனிதர்தான், அன்று இல்லை.

"என்னக்கா விளையாட்டு இது? மேல நூத்தம்பது பேரு கம்ப்யூட்டர்ல மாதிரித் தேர்வு எழுதிட்டிருக்காங்க. எல்லாம் போச்சு! உங்க ரொட்டிக்காக எங்க பசங்க வாழ்க்கையக் கெடுப்பீங்களா?"

"தப்புத்தானுங்க சார். இனிமே தேர்வு நேரத்துல ஒண்ணு மட்டுந்தான் ஓடும்."

"ஒண்ணும் ஓட வேண்டாம். நான் ஓனர்கிட்டப் பேசிக்கறேன். இந்தக் கடையே எங்களுக்கு வேண்டாம்."

போனார். வரிசையில் நின்ற பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். பாதி வெந்த டோஸ்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் ஏறினார்கள். சீஸ் உருகவே இல்லை, அதற்கும் காசை நீட்டினார்கள். வாங்கவில்லை. வேகாத சரக்குக்கு நான் காசு வாங்குவதில்லை.

ஆடி 12, திங்கள்

இரண்டே இரண்டு ஏர் பிரையர் ஓட்டுகிறேன், ஒன்று விட்டு ஒன்று. தேர்வு இருக்கும் நாளில் ஒன்று. வியாபாரம் பரவாயில்லை.

சம்சாத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், "அக்கா, இப்பெல்லாம் ராத்திரி நல்லாத் தூங்கறீங்களா?"

"ஏன் கேக்கறே?"

"சும்மாத்தான்."

தூங்குகிறேன், இருமல் எழுப்புவதில்லை. வேலை குறைந்திருக்கிறது, அதனால். சிரித்துக்கொண்டே போனாள். பெரிய டாக்டர் என்று நினைப்பு அவளுக்கு.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஊரே காவிரிக்குப் போயிருக்கிறது. மையத்தில் ஞாயிற்றுத் தேர்வு இருந்ததால் நான் கடையில் இருந்தேன்.

கேக் கடைப் பையன் கோகுல்நாத் அளவு டேப்போடு வந்தான். முப்பது வயதிருக்கும், மரியாதையான பிள்ளை. ஆடியிலும் பதினெட்டாம் பெருக்கு நல்ல நாள் என்று இன்றைக்கே நாச்சிமுத்துவிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டானாம்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கறீங்களா? செவத்த அளக்கணும்."

"அளங்க. அளக்கறதுக்கு முன்னாடி இதச் சாப்பிடுங்க."

தின்றான். டேப்பைக் கீழே வைத்துவிட்டுத் தின்றான்.

"இது எந்த ஓவன்லங்க்கா?"

ஏர் பிரையரைக் காட்டினேன். "இதென்ன, வீட்டுச் சாமானு" என்று சிரித்தான்.

"வீட்டுச் சாமானுதான். உங்க கேக்கு காலையில கோயமுத்தூர்ல இருந்து வண்டியேறி வரும். சாயங்காலம் பிள்ளைங்க கையில சில்லுனு இருக்கும். என்னுது நாலு நிமிசம் முன்னாடி வெந்தது. அஞ்சு மணிக்குப் பசியோட எறங்கறவன் எத வாங்குவான்?"

"அதெல்லாம் சரிங்க்கா. ஆனா அட்வான்ஸ் குடுத்துட்டேனே."



அளந்துவிட்டுப் போனான். எட்டடிதான், எப்படி அளந்தாலும் எட்டடிதான். என் கை எங்கெங்கே பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் பென்சில் கோடு போட்டிருக்கிறான்.

சாயங்காலம் நானும் ஆற்றுக்குப் போனேன். தண்ணீர் நிறைய. யாரிடமும் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை.

ஆடி 19, திங்கள்

கடையைத் திறக்கவில்லை. ஷட்டரில் பலகை மாட்டினேன்: "மேல்மாடி மின்சாரத்துக்குத் தொந்தரவு தராமல் இருக்க, கடை விடுமுறை."

சம்சாத்துக்குப் பயம். "அக்கா, நாமளே மூடிட்டா அவங்களுக்கு லேசாப் போயிருமே."

"மூணு நாளு பொறு."

லோகநாதன் என் கடையே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். என் கடை இல்லாவிட்டால் என்ன என்பதை அவர் இன்னும் பார்க்கவில்லை. அதைக் காசில்லாமல் காட்டுகிறேன்.

ஆடி 20, செவ்வாய்

எதிர்ப்பக்கம் மருந்துக்கடை வாசலில் நின்று பார்த்தேன். மணி அடித்ததும் கூட்டமாகப் பெருந்துறை ரோட்டைத் தாண்டினார்கள். பஸ்காரர்கள் ஹாரனை அடிக்கிறார்கள். டீக்கடையில் இடமில்லாமல் அதற்கடுத்த புரோட்டாக் கடைக்கு ஒரு கும்பல். இடைவேளை முடிந்து மணி அடித்தும் பாதிப் பேர் திரும்பவில்லை. லோகநாதன் படியில் நின்று கையைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். ஆடு மேய்க்கிறவர் மாதிரி இருந்தது.

சிரிக்கத் தோன்றியது. நிவேதா ஒரு லாரிக்கு முன்னால் ஓடியதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நாளைக்கே திறந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் இருந்தது.

ஆடி 21, புதன்

காலையிலேயே லோகநாதன் வீட்டுக்கு வந்துவிட்டார். முன்னறையில் கிடந்த வாணலிக்கும் சிலிண்டருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

"அக்கா, அன்னைக்குக் கோவத்துல பேசிட்டேன்."

"கோவம் நியாயந்தானுங்க சார்."

"நேத்து ஆறு பேரண்ட்ஸ் போன் பண்ணிட்டாங்க. பிள்ளைங்க ரோட்ல திரியறாங்களாம். ஒரு மணி நேர கிளாஸ் கால் மணி லேட். இன்னைக்குத் திறந்துருவீங்களா?"

"திறக்கறேன். பத்து நாளைக்குத் திறப்பேன். ஆவணில அங்க கேக்கு வந்துரும். பிள்ளைங்க கேக்குத் துண்டுல வயிறு நெறைச்சுக்குவாங்களா, ரோட்டைத் தாண்டுவாங்களான்னு நீங்களே பாத்துக்கங்க."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "மூணு மாடிக்கும் வாடகை குடுக்கறது நாங்க. நாச்சிமுத்து அண்ணன்கிட்ட நான் பேசறேன்."

"அன்னைக்கும் பேசறேன்னுதான் சொன்னீங்க."

சிரித்துவிட்டார். "இன்னைக்கு வேற மாதிரிப் பேசறேங்க்கா."

நாலு மணிக்குத் திறந்தேன். ஐந்து மணிக்கு ரோட்டில் இறங்கப் போன பிள்ளைகள் திரும்பி ஓடி வந்தார்கள்.

ஆடி 22, வியாழன்

பிரெட் தீர்ந்துவிட்டது.

ஆடி 29, வியாழன்

நாச்சிமுத்து கூப்பிட்டு அனுப்பினார். நானும் சம்சாத்தும் போனோம். கோகுல்நாத்தும் இருந்தான்.

"ஏனம்மிணி, மேல இருக்கறவங்களக் கெளப்பி விட்டுட்டயே" என்று ஆரம்பித்தார். கோபம் பாதி, மெச்சுதல் பாதி. "சரி, நல்ல முடிவாச் சொல்றேன். கட்டடத்துக்குப் பின்னாடி காலி எடம் கெடக்குது. தகரம் போட்டுத் தரேன். தெறந்த வெளி, கேஸ் வெச்சுக்க, யாரும் கேக்கமாட்டாங்க. வாடகை பாதி. உன்ற பஜ்ஜியவே போட்டுக்க. மொகப்புத் தம்பிக்கு இருக்கட்டும்."

ஒரு மாதத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

"வேண்டாங்ணா."

"பதிமூணு வருசம் போட்டவ! வாணலி இல்லாம உனக்குக் கையே ஓடாதே."

"ஓடுதுங்ணா. வந்து பாருங்க."

சம்சாத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியது ஏன் என்று தெரியவில்லை. பின்பக்கத்துக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள், அதனால் மறுத்தேன். வேறு காரணம் கிடையாது.

"அப்பத் தம்பி குடுத்த அட்வான்ஸுக்கு நான் என்ன சொல்றது?"

"தம்பியவே கேப்போம்" என்றேன். "தம்பி, உங்களுக்கு அந்தப் படிக்கட்டு வேணுமா, கேக்கு விக்கணுமா?"

"கேக்குதானுங்க்கா விக்கணும்."

"ஜெராக்ஸ் கடைக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கெடக்கற அண்ணனோட ஷட்டரை எடுங்க. அதுல ஏசி போடுங்க, கண்ணாடி போடுங்க, ரோஸ் அடிங்க. சாயங்காலத்துக்கு உங்க துண்டுகளை என் மொகப்புல வெக்கறேன். டோஸ்ட்டுக்கு நிக்கறவன் இனிப்பையும் பாப்பான். வித்ததுல எனக்குப் பங்கு குடுங்க."

கோகுல்நாத் நாச்சிமுத்துவைப் பார்த்தான். நாச்சிமுத்து விட்டத்தைப் பார்த்தார். பூட்டிக் கிடந்த ஷட்டருக்கும் வாடகை வரும் என்று அவர் கணக்குப் போடுவது எனக்குக் கேட்டது.

"என்ன பங்கு?" என்றான் பையன்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, கடை என்னுடையதுதான்.

ஆடி 31, சனி

நாளைக்கு ஆவணி, நல்ல நாளாகப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம் என்றார் நாச்சிமுத்து. இன்றைக்கே என்றேன்.

"ஆடியில எவளாவது பத்திரம் எழுதுவாளா?"

"ஆடியில தொடங்குன கடைதானுங்ணா இது. என்ன கெட்டுப் போச்சு?"

முனகிக்கொண்டே போட்டார். லோகநாதன் சாட்சி. சம்சாத் இரண்டாம் சாட்சி, தன் பெயரை முழுசாக எழுதினாள்.

படிக்கட்டடிக் கடை மூன்று வருடத்துக்கு எனக்கு. வாடகை மாதம் பதினாலாயிரம், முன்பு கொடுத்ததைவிட இரண்டாயிரம் கூட. தனி மீட்டர் என் பெயரில், அதன் செலவு பாதி அவர், பாதி நான். கோகுல்நாத்தின் கேக்கில் விற்கும் ஐந்து துண்டுக்கு ஒன்றின் விலை எனக்கு. கடைக்குள் எந்தக் காலத்திலும் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. இந்த நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னது நான்.